பிறமொழியில் எழுதுதலும் தன் நினைவைத் தான் அறிதலும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியிலே கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சென்றால் அக்குறணை என்னும் வணிகப் பட்டினம் வரும். பிங்கா ஓயா அதனூடே ஓடுகின்றது. இங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வீட்டிலே தமிழ் பேசுவோர். சூழவுள்ள ஊர்கள் பலவும் சிங்களம் பேசும் ஊர்கள். பள்ளிவாசலிலும் ஓதும் பள்ளியிலும் அறபு ஒலிக்கும். பாடசாலையிலே ஆங்கிலமும் ஒரு பாடம். ஆகவே இவ்வூர்ப் பிள்ளை பத்து வயது நிரம்புமுன்னரே நான்கு மொழிகளின் ஓசையைக் கேட்டுப் பழகிவிடுகின்றது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த நம்மவர் பலருக்குக் கிட்டாத பேறு இது.

இத்தகைய பிள்ளை தந்தையின் கடையிலே நின்று சிங்கள வாடிக்கையாளரோடு தங்குதடையின்றிப் பேசுகின்றது, விலை சொல்கின்றது, பகிடியும் பண்ணுகின்றது. அதே பிள்ளையைப் பிடித்து, “கிராம அலுவலருக்குச் சிங்களத்தில் ஒரு விண்ணப்பம் எழுது” என்றால் திகைத்து நிற்கின்றது. எழுதத் தொடங்கினாலும் முதலாவது வாக்கியத்திலேயே பிழை நேர்கின்றது. இதனைக் கண்ட பெற்றோர், “இவ்வளவு பேசத் தெரிந்தவனுக்கு எழுத மட்டும் சோம்பல்” என்று கடிந்துகொள்வர். சோம்பல் இதற்குக் காரணமன்று. காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எமது பழைய மாணவருட் பலர் ஆசிரியத் தொழில் பூண்டவராதலின், அவருக்கு இஃது ஓரளவேனும் பயன்படுமென எண்ணுகின்றோம்.

முதலிற் சிங்களத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பேச்சுச் சிங்களத்திலே வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவதில்லை. “மம யனவா” என்றால் நான் போகிறேன்; “எயா யனவா” என்றால் அவர் போகிறார்; “அபி யனவா” என்றால் நாம் போகிறோம். மூன்றிடத்தும் வினை ஒன்றே. எழுத்துச் சிங்களமோ அவ்வாறன்று. “மம யமி”, “ஒஹு யயி”, “அபி யமு”, “ஒவுஹு யதி” என எழுவாய்க்கேற்ப வினைமுற்று வேறுபடும். கடையிலே கேட்டுப் பழகிய காதுக்கு இவ்வடிவங்கள் அந்நியமானவை. பிள்ளை தன் காதை நம்பி எழுதுகின்றது. காது அதனைக் கைவிட்டு விடுகின்றது.

இங்கேதான் ஒரு வியப்பு இருக்கின்றது. எழுவாய்க்கேற்ப வினை மாறும் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிய செய்தியா? நான் போகிறேன், அவன் போகிறான், நாம் போகிறோம் என்று பேசிப் பேசியே அது வளர்ந்திருக்கின்றது. மேலும், பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு என்பதும் அதற்குத் தெரியும். “போறன்” என்றோ “போறேன்” என்றோ பேசிவிட்டுக் கட்டுரையிலே “போகின்றேன்” என்று எழுதுவதற்கு அதனை யாரும் இன்று நினைவூட்ட வேண்டியதில்லை. சிங்களம் எழுதுவதற்கு வேண்டிய இரண்டு பேருண்மைகளும் அதன் கைவசம் ஏற்கெனவே உள்ளன. ஆயின், அவை தன்னிடம் உள்ளன என்பதை அஃது அறியாது. பெட்டகத்திற் பொன்னை வைத்துக்கொண்டு அயலிற் கடன் கேட்பவனின் நிலை அதனுடையது. சிங்கள இலக்கணத்தைப் புதிதாகப் புகட்டுவதற்கு முன்னர், “நீ தமிழில் எழுதும்போது உன் மனம் என்ன செய்கின்றது என்று பார்” எனச் சொல்லும் ஆசிரியர் வேலையிற் பாதியை முடித்துவிடுகின்றார்.

பாதி என்றோம், முழுவதும் அன்று. தன் மொழியிலிருந்து பிறமொழிக்குக் கொண்டு செல்லத்தக்கது எது, கொண்டு செல்லத்தகாதது எது என்று பிரித்தறிய வேண்டியிருக்கின்றது. எழுத்துத் தமிழிலே “மரங்கள் விழுந்தன” என்று அஃறிணைப் பன்மைக்குப் பன்மை வினையே கொடுக்க வேண்டும்; பேச்சிலே “மரங்கள் விழுந்தது” என்று சொல்லிவிடுகின்றோம். எழுத்துச் சிங்களத்திலே உயிரற்ற பொருள்கள் பலவாயினும் வினை ஒருமையிலேதான் நிற்கும். தமிழிலே நன்கு பயின்ற மாணாக்கனே இவ்விடத்திற் சறுக்குகின்றான்! தமிழிலக்கணத்தைக் கவனிக்காத மற்றவன், பேச்சுப் பழக்கத்தினாற் சரியாக எழுதிவிடுதலும் உண்டு. இதனைக் கண்டு மனம் சோர வேண்டியதில்லை. சறுக்கியவனுக்குத் தான் எவ்விடத்தில், எதனாற் சறுக்கினான் என்பதைச் சொல்லிக் கொடுக்கலாம். தற்செயலாகச் சரியாக எழுதியவனுக்கு அவ்வாறு சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை.

தன் சிந்தனையைத் தானே நோக்கும் இவ்வாற்றலுக்கு அமெரிக்க உளவியலாளர் ஜோன் பிளாவெல் 1970களிலே ஒரு தனிப்பெயர் இட்டார். அறிதலைப் பற்றிய அறிதல் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். தான் எதனை அறிவான், எதனை அறியான், ஒரு வேலையை எவ்வழியாற் செய்கின்றான், அவ்வழி தவறும்போது எங்ஙனம் மாற்றிக்கொள்கின்றான் என்பனவெல்லாம் இதனுள் அடங்கும். சைவ சித்தாந்தம் பயின்ற நம்மவருக்கு இது முற்றிலும் புதுமையாகத் தோன்றாது. மனம் பற்றும், சித்தம் சிந்திக்கும், அகங்காரம் எழும், புத்தி நிச்சயிக்கும் என்று உட்கருவிகளின் தொழிலைப் பிரித்துப் பார்த்த மரபு நம்முடையது. அவர் சொன்னதும் இதுவேதான் என்று நாம் வாதிக்க வரவில்லை. இரண்டின் நோக்கமும் வேறு. உள்ளே நிகழ்வதைப் பகுத்துப் பார்க்கலாம் என்ற துணிவு மட்டும் இரண்டுக்கும் பொது.

எழுதுவோனின் மனத்தினுள் நிகழ்வதைப் பார்ப்பது எங்ஙனம்? லிண்டா பிளவர், ஜோன் ஹேய்ஸ் என்னும் இருவர் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டனர். எழுதுவோரை அழைத்து, எழுதும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுமாறு பணித்து, அதனைப் பதிவு செய்தனர். 1981இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. திட்டமிடுதல், சொல்லாக்குதல், திரும்பப் பார்த்தல் என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக நிகழ்வதில்லை. ஒன்றினுள் ஒன்று புகுந்து புகுந்து நிகழ்கின்றன என்றும், எப்போது எதற்குத் திரும்புவது என்று தீர்மானிக்கும் ஒரு மேற்பார்வை மனத்திலே இயங்குகின்றது என்றும் அவர்கள் கண்டனர். தாய்மொழியில் எழுதும்போது சொல்லாக்குதல் தானாக நடைபெறுவதால் அம்மேற்பார்வைக்கு ஓய்வு கிடைக்கின்றது. கருத்தையும் வாசகனையும் நினைக்க இடமுண்டு. பிறமொழியிலோ ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விகுதியும் அதனைக் கைதட்டி அழைக்கின்றது. கருத்தைக் கவனிக்க ஆளில்லை. பிறமொழிக் கட்டுரைகள் பல பிழையற்றிருந்தும் வெறுமையாயிருப்பதற்குக் காரணம் இதுவேயாகும்.

அறபுத்தமிழைப் பற்றி இவ்விடத்திற் சிறிது சொல்ல விரும்புகின்றோம். முஸ்லிம் மக்கள் தமிழை அறபு எழுத்துக்களால் எழுதிவந்த முறையே அறபுத்தமிழ் எனப்படும். அறபிலே பகர ஒலிக்கு எழுத்தில்லை. டகரம், ளகரம், ழகரம் என்பவற்றுக்கும் இல்லை. குறில் எகரம், குறில் ஒகரம் என்பவற்றுக்குக் குறியுமில்லை. ஆகவே இருந்த எழுத்துக்களோடு புள்ளிகளையும் புதுக் குறிகளையும் சேர்த்து அவ்வொலிகளுக்கு வடிவம் சமைத்தனர். இதனைச் செய்தவர்கள் முதலிற் செய்திருக்க வேண்டியது யாது? தம் வாயிலிருந்து நாள்தோறும் வெளிவரும் ஒலிகளைத் தாமே நின்று கேட்டிருக்க வேண்டும். ளகரமும் ழகரமும் வேறு என்பதை, தமிழ் எழுத்து எழுதுவோன் ஆராயாமலே எழுதிவிடலாம். வேறோர் எழுத்தில் எழுதப் புகுந்தவனுக்கு அவ்வாறு தப்பிச் செல்ல வழியில்லை. அந்நிய எழுத்து அவனுடைய சொந்த மொழியை அவனுக்கே காட்டிக்கொடுத்தது.

கண்டியிற் பிறந்த அறிஞர் மு. கா. சித்திலெப்பை (1838–1898) இம்மரபின் வழித்தோன்றல். வழக்கறிஞராகத் தொழில் புரிந்தமையால் ஆங்கிலத்தோடு பழகியவர். அறபுப் புலமையும் உடையவர். அவர் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் வெளிவந்த அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்தின் முதலாவது தமிழ் நாவல் எனப் போற்றப்படுகின்றது. மிசிறு தேசத்துக் கதையொன்றைத் தமிழ் உரைநடையிலே சொல்லப் புகுந்தவருக்கு முன்னே, அத்தகைய நூல்கள் தமிழில் மிகச் சிலவே இருந்தன. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது 1879இலேதான். ஆங்கிலம் வழங்கிய நீதிமன்றத்திலும், அறபு வழங்கிய கல்விக்கூடத்திலும், தமிழ் வழங்கிய வீட்டிலும் மாறி மாறிப் புழங்கிய ஒருவர், எதனை எம்மொழியில் யாருக்குச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்துகொண்டார். மலைநாட்டு முஸ்லிம் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிப் பாடம் நடத்துவோர், நாவலின் ஆண்டைச் சொல்லி நிறுத்திவிடாமல் இத்தேர்வையும் எடுத்துக்காட்டினால் நன்று.

இனி, தமிழ் மனம் தன்னையறியாமலே செய்யும் சில வேலைகளைப் பார்ப்போம்.

தமிழிலே ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்போனைச் சேர்த்துக்கொண்டால் நாம்; விலக்கினால் நாங்கள். இத்தேர்வைச் செய்யாமல் நாம் தன்மைப் பன்மையிலே வாய் திறக்கவே முடியாது. ஆயினும் அதனைச் செய்வதாக ஒருபோதும் உணர்வதில்லை. சிங்களத்தின் ‘அபி’ இரண்டுக்கும் பொது. ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான். “எங்கள் ஊரில் வெள்ளம் வந்தது” என்று தமிழில் எழுதினால் அது வாசிக்கும் அதிகாரியின் ஊரன்று என்பது சொல்லாமலே விளங்கும். பிறமொழியில் அவ்விளக்கம் நழுவிவிடும். ஊரின் பெயரை எழுதி அதனை ஈடுசெய்ய வேண்டும்.

அவ்வாறே ‘ஆம்’ என்னும் இடைச்சொல். “பாலம் உடைந்ததாம்” என்றால் நான் கண்டதன்று, கேட்டது என்பது பொருள். பேச்சுச் சிங்களத்தில் இதற்கு நேரான ‘லு’ உண்டு. அக்குறணைப் பிள்ளை இதனை நன்கு அறியும். ஆங்கிலத்திலோ அத்தகைய ஒட்டு எதுவுமில்லை. ஆகவே ஆங்கிலத்திற் பெயர்க்கும் மாணவன் “பாலம் உடைந்தது” என்று எழுதிவிடுகின்றான், கேள்விப்பட்டது கண்டதாகிவிடுகின்றது. இலக்கணப் பிழை ஒன்றுமில்லை; ஆயினும் வாக்கியம் பொய். ஆசிரியரின் சிவப்பு மை இதனைக் காணாது. எழுதுவோனே, “இதனை நான் எவ்வாறு அறிவேன்?” என்று தன்னைக் கேட்டாலன்றி இது வெளிப்படாது.

இன்னும் ஒன்று. “நேற்றுப் புத்தகம் வாங்கினேன்” என்பதற்கும் “நேற்றுப் புத்தகத்தை வாங்கினேன்” என்பதற்கும் வேறுபாடு யாது? முன்னையதில் ஏதோ ஒரு புத்தகம். பின்னையதில் நீயும் நானும் முன்னரே அறிந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபைக்கொண்டு தமிழன் இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றான். சிங்களத்திலே இதனைப் பெயரின் ஈற்றிலே காட்டுவர்: ‘லமயா’ என்றால் அந்தப் பிள்ளை, ‘லமயெக்’ என்றால் ஒரு பிள்ளை. ஆங்கிலத்திலே பெயருக்கு முன்னே ஒரு சிறு சொல்லால் காட்டுவர். அச்சிறு சொற்கள் நம் மாணவருக்குப் படுத்தும் பாட்டை ஆசிரியர் யாவரும் அறிவர். “உங்கள் மொழியில் இவ்வேறுபாடு கிடையாது, ஆகையால் மனனஞ் செய்யுங்கள்” என்று சொல்லிக்கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கிடையாது என்பது தவறு. உண்டு, வேறோரிடத்தில் உண்டு. அவ்விடத்தைக் காட்டிவிட்டால் மனனத்தின் சுமை குறையும்.

இவையெல்லாம் சொல்லளவில். ஒரு முழு விண்ணப்பம் எழுதும்போது நிகழ்வதே பெரிது. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைவீதியிற் புகுவது அவ்வூரார் பலகாலும் பட்டறிந்த துன்பம். ஒரு கடைக்காரர் நட்டத்துக்கு நிவாரணம் வேண்டி எழுதுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் மனம் மழையிலிருந்து தொடங்கும். மழை பெய்து, ஆறு பெருகி, இரவிலே தண்ணீர் உள்ளே புகுந்து, அரிசி மூடைகள் நனைந்து, பிள்ளைகளோடு மாடியில் ஏறி நின்று, ஆகையினால் தாங்கள் தயைகூர்ந்து ஆவன செய்யுமாறு என எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கி, வேண்டுகோளை ஈற்றிலே வைக்கும். வினையை ஈற்றிலே வைக்கும் சிங்களத்துக்கு இவ்வொழுங்கு பெரிதும் பொருந்தும். ஆங்கிலக் கடித மரபோ வேண்டுவது யாது என்பதை முதலிலே சொல்லுமாறு கேட்கின்றது. மழையிலிருந்து தொடங்குவது ஆங்கிலம் அறியாமையின் அடையாளமன்று. முதலிற் காரணத்தைக் காட்டிப் பின்னர் கேட்பதே மரியாதை என்று நம் மனம் கொண்டிருப்பதன் அடையாளம். தன் மனம் அப்படிக் கொண்டிருக்கின்றது என்று அறிந்தவர், வேண்டும்போது அதனை மாற்றி வைக்கலாம். அறியாதவர் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தமிழ்க் கடிதமே எழுதுவார்.

இது வெறும் பள்ளிக்கூட விவகாரமன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டுமென விதித்தது. ஆகவே தமிழிலே எழுத உரிமை உண்டு. ஆயினும் கடிதத்தைக் கையிலெடுக்கும் அலுவலர் தமிழ் அறியாதவராயின் உரிமை காத்துக்கிடக்கும், நிவாரணமும் காத்துக்கிடக்கும். ஆகையால் மக்கள் வேறொருவரைக்கொண்டு எழுதுவித்துத் தாம் கையொப்பமிடுகின்றனர். தான் சொல்லியதுதான் அத்தாளில் உள்ளதா என்று தீர்மானிக்க இயலாமற் கையொப்பமிடுபவனின் உள்ளம் எவ்வளவு நலியும் என்பதை, அங்ஙனம் இட்டவரே அறிவர். காணி உறுதியாயினும் காவல்நிலைய வாக்குமூலமாயினும் இதுவே நிலை.

தன் மனத்தின் வழக்கத்தை அறிந்து, வாசகனுக்கேற்ப அதனை மாற்றுதலை ஓர் ஈழத்து அறிஞரின் எழுத்திலே வைத்து ஆராய்ந்திருக்கின்றார் பேராசிரியர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்து, பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றவர் அவர். 2006இல் வெளியிட்ட ஒரு கட்டுரையிலே பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் எழுத்துக்கள் மூன்றை எடுத்துக்கொண்டார்: தமிழில் எழுதியது ஒன்று, இலங்கை வாசகருக்காக ஆங்கிலத்தில் எழுதியது ஒன்று, பிறநாட்டு ஆய்வாளருக்காக ஆங்கிலத்தில் எழுதியது ஒன்று. மூன்றிலும் தொடங்கும் முறையும் தம் கருத்தை நிறுவும் முறையும் வேறுவேறாக இருந்தன. தமிழர் ஆங்கிலம் எழுதினால் தமிழின் செல்வாக்கு இப்படித்தான் வரும் என்று விதி வகுப்போருக்கு இது தக்க விடை. ஒரே தாய்மொழி, ஒரே ஆள். ஆங்கிலத்திலேயே இருவேறு நடை! தாய்மொழி அவரைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. அவர்தாம் பார்த்து நடந்தார். இளமையிற் பாராளுமன்றத்திலே உரைபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தவர் சிவத்தம்பி என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கருத்தை மற்றொரு மொழியிலே சொல்லும் தொழில், இரு மொழிகளின் போக்கையும் ஒருங்கே நோக்கும் பழக்கத்தைத் தந்திராமற் போகாது என்பது எமது ஊகம்.

இந்துக் கல்லூரி வட்டாரத்தில் வளர்ந்தோர் சுவாமி விபுலாநந்தரை நினையாமல் இப்பொருளைக் கடக்க முடியாது. 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யிலே அவர் சேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தமிழ் நாடக இலக்கணத்தின் கண்கொண்டு விளக்கினார். ஆங்கிலத்தைத் தமிழாக்குவது பலரும் செய்த வேலை. ஆங்கிலத்தை நோக்கும் தம் தமிழ்க் கண்ணையே ஆராய்ச்சிக்கு உட்படுத்தியது அவர் செய்தது.

இனி வகுப்பறைக்கு வருவோம். முதலில் தமிழில் எழுதிப் பின்னர் பெயர்ப்பது நன்றா, நேரே பிறமொழியில் நினைத்து எழுதுவது நன்றா? பழைய ஆசிரியர்கள் பெயர்ப்பை வற்புறுத்தினர். பின்னர் வந்தோர் அதனைக் குற்றமெனத் தள்ளினர். யப்பானிய மாணவரிடையே கோபயாஷி, ரின்னர்ட் ஆகிய இருவர் 1992இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தாய்மொழியில் எழுதிப் பெயர்த்த கட்டுரைகள் பொருளிலும் அமைப்பிலும் மேலாக இருந்தன என்று கண்டது. ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தோருக்கே அதனாற் பயன் மிகுதி. தேர்ச்சி மிக்கோர் பெயர்ப்பிலே கூடிய பிழைகளையும் செய்தனர். எமது அனுபவமும் இதற்கு மாறன்று. தொடக்கத்திற் பெயர்க்கட்டும். ஆனால், பெயர்த்து முடிந்ததும் இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து, எவ்விடத்தில் தமிழ் வாக்கியத்தை உடைக்க நேர்ந்தது, ஏன் உடைக்க நேர்ந்தது என்று இரண்டு வரி தமிழிலே எழுதட்டும். அவ்விரண்டு வரிகளே கட்டுரையைவிடப் பெறுமதியானவை. இதனைத் தமிழிலேயே எழுதுவிக்க வேண்டும். தன் நினைவைப் பற்றிப் பேசுவதற்குத் தடுமாறும் மொழி உதவாது.

தன்னைத் தான் நோக்குவதற்கும் வேளை உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அதுவும் நஞ்சு. கற்ற விதியைக்கொண்டு தன் பேச்சைத் திருத்தும் உள்ளத்துக் காவலனைப் பற்றி ஸ்டீபன் கிராஷென் என்னும் அமெரிக்க மொழியியலாளர் விரிவாக எழுதியிருக்கின்றார். நேரம் வேண்டும், வடிவத்தின்மேற் கவனம் வேண்டும், விதி தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் உள்ளபோதே அக்காவலன் பயன்படுவான் என்றார். எப்போதும் காவலனையே நம்பியிருப்போர் ஒரு வரியும் நகரமாட்டார். இத்தகையோர் எல்லா வகுப்பிலும் ஓரிருவர் உளர். “யமியா, யமுவா” என்று எழுதி அழித்து, எழுதி அழித்துத் தாளிலே துளை விழச் செய்வர். இவர்களை முதலில் ஓடவிட வேண்டும். பிழை மலிந்தாலும் ஒரு பக்கத்தை நிரப்பட்டும். தாளை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் வேறொருவரின் எழுத்தைப் படிப்பதுபோற் படிக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் எல்லாப் பிழையையும் ஒருங்கே தேடவிடலாகாது. ஒரு நாள் வினைமுற்று மட்டும். ஒரு நாள் “கண்டதா, கேட்டதா” என்னும் வினா மட்டும். ஒரு நாள் “இதனை வாசிப்பவர் எங்கள் ஊரை அறிவாரா” என்பது மட்டும். மூன்று மணி நேரப் பரீட்சையில் மறுநாள் ஏது என்று கேட்கலாம். கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்கி, தான் வழக்கமாகச் சறுக்கும் இரண்டு இடங்களை மட்டும் தேடிப் பார்க்கும் மாணவனுக்கு அதுவே மறுநாள். அவ்விரண்டு இடங்கள் எவை என்பதை அவன் பரீட்சை மண்டபத்துக்குள் நுழையுமுன்னரே அறிந்திருக்க வேண்டும். அவை ஆளுக்காள் வேறுபடுவன வாதலின், கரும்பலகையில் எல்லோருக்கும் பொதுவாக எழுதிப்போட முடியாது.